முன்னூறு கோடித் துடிப்புகள்

போன மார்கழியில் ஒரு விடியற்காலை எங்கள் ஸ்காபரோ வீட்டுச் சமையலறையில் அம்மம்மா விழுந்துவிட்டார். தேத்தண்ணிக்குக் கேத்தல் வைத்தவர், அது கொதித்து நிற்கும்போது நிலத்தில் கிடந்தார். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் திரையைப் பார்த்த தாதியின் முகம் மாறியது. அதில் 38 என்று இருந்தது. நிமிடத்துக்கு 38 துடிப்பு.

இதயத்தின் மேலறையில் பிறக்கிற மின்செய்தி கீழறைக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை, பேஸ்மேக்கர் வைக்கவேண்டும் என்றார் வைத்தியர். அதை அம்மம்மாவுக்குத் தமிழில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. உங்களில் பலருக்கு இந்த வேலை பழக்கமாக இருக்கும். எட்டு வயதிலிருந்து வங்கிக் கடிதம் வாசித்து, பாடசாலைக் கூட்டத்தில் மொழிபெயர்த்து வளர்ந்த பிள்ளைகள்தானே நாங்கள். ஆனால் அன்று அம்மம்மா திருப்பிக் கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

"மோனை, மூச்சும் துடிப்பும் எண்ணித்தான் தாறது. என்ர கணக்கு முடிஞ்சுதெண்டா விடுங்கோவன். மிசின் பூட்டி ஏன் இழுக்கிறியள்?"

அன்றிரவு நாற்காலியில் இருந்தபடி தேடத் தொடங்கினேன். ஒரு மனிதருக்கு எத்தனை துடிப்பு? அதை முதலில் எண்ணியது யார்? நின்றுபோன இதயத்துக்குத் தாளம் கொடுக்கலாம் என்று கண்டுபிடித்தது யார்? கடைசிக் கேள்விக்கு விடை தேடி வெகுதூரம் போகவேண்டியிருக்கவில்லை. நாங்கள் சுரங்க ரயிலில் அடிக்கடி கடக்கிற குயின்ஸ் பார்க் நிலையத்துக்குப் பக்கத்திலேயே அது இருந்தது.

முதலில் கணக்கு

சராசரியாக நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று வையுங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு 4,200. ஒரு நாளுக்கு 1,00,800. அதாவது நாளுக்கு ஒரு லட்சம். ஒரு வருடத்துக்கு ஏறத்தாழ 3 கோடி 68 லட்சம். 80 வருடம் வாழ்ந்தால் 294 கோடி. பிறந்த குழந்தையின் இதயம் நிமிடத்துக்கு 100 தொடக்கம் 160 வரை அடிக்கும். நித்திரையில் துடிப்பு இறங்கும், ஓடும்போது ஏறும். எல்லாவற்றையும் சேர்த்துச் சுமாராக 300 கோடி என்று சொல்லலாம். இதை வாசிக்கிற உங்களுக்கு 20 வயது என்றால், 70 கோடிக்கு மேல் ஏற்கெனவே அடித்து முடிந்துவிட்டது.

அம்மம்மாவின் 38ஐ இதே மாதிரிப் பெருக்கினால் நாளுக்கு 54,720 வரும். வழக்கமானதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். மூளைக்குப் போதிய இரத்தம் போகாமல் அவர் ஏன் விழுந்தார் என்பது அந்த ஒரு பெருக்கலிலேயே விளங்கியது.

எண்ணியவர்கள்

எண்ணித் தருகிற கணக்கு என்று அம்மம்மா சொன்னது அவருடைய சொந்தக் கற்பனை அல்ல. எங்கள் சித்த மருத்துவ, யோக மரபில் ஒரு மனிதர் ஒரு நாளில் விடுகிற மூச்சு 21,600 என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு 360 மூச்சு. நாழிகை என்பது 24 நிமிடம். ஆகவே நிமிடத்துக்கு 15 மூச்சு. இன்றைய மருத்துவர்கள் வளர்ந்தவர்களுக்கு 12 தொடக்கம் 20 வரை சரி என்கிறார்கள். கைக்கடிகாரம் இல்லாத காலத்துக் கணக்கு அந்த எல்லைக்குள் அச்சொட்டாக விழுவதைப் பார்த்து எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

நாடி பார்ப்பது இன்னொரு வகை. பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து வாதம், பித்தம், கபம் என்று பிரித்துப் பார்ப்பார்கள். அங்கே முக்கியம் எண்ணிக்கை அல்ல, துடிப்பின் நடை. அம்மம்மாவின் தகப்பனார் மானிப்பாயில் நாட்டு வைத்தியர். ஊரார் அவரைப் பரியாரியார் என்பார்களாம். அதே மானிப்பாயில்தான் 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிரீன் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். இரண்டு மருத்துவமும் ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கின்றன.

மேற்கிலும் எண்ணுவது எளிதாக வரவில்லை. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் ஹெரோபிலஸ் என்ற வைத்தியர் தண்ணீர்க் கடிகாரம் வைத்து நாடியை அளந்தார். பிறகு நெடுங்காலம் எல்லாரும் நாடியின் குணத்தைப் பார்த்தார்களே தவிர, எண்ணிக்கையைப் பெரிதாக எடுக்கவில்லை. நிமிடத்துக்கு இத்தனை என்று எண்ண, நிமிடம் காட்டுகிற மணிக்கூடு வேண்டுமே! 1707இல் இங்கிலாந்தில் ஜோன் புளோயர் என்ற வைத்தியர் சரியாக ஒரு நிமிடம் மட்டும் ஓடுகிற மணிக்கூட்டை நாடி எண்ணுவதற்காகவே செய்வித்தார். இன்று எங்கள் கையில் கட்டியிருக்கிற ஸ்மார்ட் வாட்ச்சின் கொள்ளுத்தாத்தா அதுதான்.

அதற்கு முன்பே ஒருவர் வெறும் பெருக்கலால் மருத்துவத்தைத் தலைகீழாக மாற்றியிருந்தார். வில்லியம் ஹார்வி, 1628. உணவிலிருந்து ஈரல் புதிது புதிதாக இரத்தத்தைச் செய்கிறது, உடல் அதைச் செலவழித்துவிடுகிறது என்றுதான் அதுவரை நம்பினார்கள். ஹார்வி ஒரு கணக்குப் போட்டார். ஒரு துடிப்பில் அரை அவுன்ஸ் இரத்தம் வெளியேறுகிறது என்று வைப்போம். அரை மணியில் ஆயிரம் துடிப்பு என்று வைப்போம். அரை மணியில் 500 அவுன்ஸ்! உடம்பில் இருக்கிற முழு இரத்தத்தையும் விட அது அதிகம். இவ்வளவை அரை மணிக்கொருதரம் எந்த ஈரலும் செய்ய முடியாது. அப்படியானால் அதே இரத்தம்தான் சுற்றிச் சுற்றி வரவேண்டும்.

இதில் எனக்குப் பிடித்தது அவருடைய அடக்கம். உண்மையில் அரை மணியில் இரண்டாயிரத்துக்கு மேல் இதயம் அடிக்கும். அவர் வேண்டுமென்றே குறைந்த எண்ணை எடுத்தார். குறைத்து எடுத்தாலும் முடிவு மாறவில்லை என்றால் அந்த முடிவை யாரும் அசைக்க முடியாது. கணித ஆசிரியர் மதிப்பீடு செய்யச் சொல்லும்போது சலித்துக்கொள்கிறவர்கள் ஹார்வியை ஒருதரம் நினைத்துப் பாருங்கள்.

கொலிஜ் வீதி, 1949

இனி எங்கள் நகரத்துக்கு வருவோம்.

வில்பிரட் பிகலோ 1913இல் மனிற்றோபாவில் பிறந்தவர். 1941இல் ரொறன்ரோ பொது வைத்தியசாலையில் பயிற்சியில் இருந்தபோது, குளிரில் விறைத்து அழுகிய விரல்களை ஓர் இளைஞருக்கு வெட்டி எடுக்கவேண்டி வந்தது. குளிர் உடம்பை என்ன செய்கிறது என்று அவர் தேடத் தொடங்கியது அப்போதுதான். எங்கள் தை மாதக் குளிரில் பஸ்ஸுக்கு நின்று பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி ஏன் கனடாவில் பிறந்தது என்று சொல்லத் தேவையில்லை.

அந்தக் காலத்தில் இதயத்தைத் திறந்து சத்திரசிகிச்சை செய்ய வழி இருக்கவில்லை. இதயத்தை நிறுத்தினால் மூளை சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. பிகலோ மாற்றி யோசித்தார். உடம்பைக் குளிராக்கினால் அதற்குத் தேவையான ஒட்சிசன் குறையும். தேவை குறைந்தால் இதயத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கலாம். குளிர்ந்தால் உடம்பு நடுங்கும், நடுங்கினால் ஒட்சிசன் கூடத்தான் வேண்டும் என்று மற்றவர்கள் சொன்னார்கள். நடுக்கத்தை மயக்கமருந்தால் அடக்கிவிட்டால் வெப்பநிலை இறங்க இறங்கத் தேவையும் இறங்கும் என்று அவர் காட்டினார். இந்தச் சோதனைகள் கொலிஜ் வீதியிலுள்ள பான்ரிங் நிறுவகத்தில் நடந்தன. இன்சுலின் கண்டுபிடித்த பிரெடரிக் பான்ரிங்கின் பெயரில் 1930இல் திறந்த கட்டடம் அது. சோதனைகள் நாய்களில் நடந்தன. பல நாய்கள் செத்தன. அதையும் இந்தக் கதையில் மறைக்கக்கூடாது.

1949இல் ஒரு நாள், குளிராக்கிய ஒரு நாயின் இதயம் திடீரென்று நின்றுவிட்டது. பிசைந்தும் பார்த்தார்கள், பலனில்லை. வேறு வழி தெரியாமல் பிகலோ கையிலிருந்த கருவியின் முனையால் இதயத்தை ஒருதரம் குத்தினார். இதயம் ஒருதரம் சுருங்கியது. இன்னொரு குத்து, இன்னொரு துடிப்பு. விடாமல் ஒழுங்காகக் குத்த, இதயம் ஒழுங்காக அடித்தது. பம்பு பழுதாகவில்லை, தொடங்கு என்று சொல்கிற கட்டளைதான் வரவில்லை என்பது அவருக்கு விளங்கியது.

அப்படியானால் குத்துக்குப் பதிலாக மெல்லிய மின்சாரம் கொடுத்தால் என்ன? பிகலோவும் அவரோடு வேலை செய்த இளம் சத்திரசிகிச்சை வைத்தியர் ஜோன் கலஹனும் ஒட்டாவாவில் இருந்த தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் உதவியைக் கேட்டார்கள். அங்கிருந்து வந்தவர் ஜாக் ஹொப்ஸ் என்ற மின்பொறியியலாளர். அவர் 1950இல் செய்து கொடுத்த பெட்டி ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் நீளம். உள்ளே வெற்றிடக் குழாய்கள், சுவரில் செருகுகிற மின்கம்பி. அதே வருடம் ஒக்டோபரில் பொஸ்ரனில் நடந்த சத்திரசிகிச்சை வைத்தியர்களின் மாநாட்டில் தங்கள் வேலையை அறிவித்தார்கள்.

சுவரோடு கட்டின பெட்டியை உடம்புக்குள் வைக்க முடியுமா? அதற்குப் பலரும் பல நாடும் தேவைப்பட்டது. 1952இல் பொஸ்ரனில் போல் சோல் நெஞ்சின் தோலுக்கு மேலாக மின்துடிப்புக் கொடுத்து நோயாளிகளைக் காப்பாற்றினார். 1957 ஒக்டோபர் 31 அன்று மினியாபொலிஸ் நகரில் மின்சாரம் நின்றது. சுவர் மின்சாரத்தை நம்பியிருந்தால் என்ன ஆபத்து என்பது அன்று வெளிச்சமானது. சில வாரங்களில் ஏர்ல் பக்கன் என்பவர் பற்றரியில் ஓடுகிற சின்னக் கருவியைச் செய்தார். அடுத்த வருடம் ஒக்டோபர் 8, சுவீடனின் ஸ்ரொக்ஹோமில், ஆர்னே லார்சன் என்பவரின் உடம்புக்குள் உலகின் முதல் பேஸ்மேக்கர் வைக்கப்பட்டது. செய்தவர் ரூனே எல்ம்க்விஸ்ட், வைத்தவர் ஓக்கே சென்னிங். அந்த முதல் கருவி சில மணித்தியாலங்கள்தான் வேலை செய்தது. ஆனால் லார்சன் ஒன்றுக்குப் பின் ஒன்றாக இருபதுக்கு மேற்பட்ட கருவிகளோடு 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். கருவியைச் செய்தவரும் வைத்தவரும் அவருக்கு முன்பே இறந்துபோனார்கள்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த வரி வேறு. தன் பெட்டியைச் செய்து 34 வருடம் கழித்து, 1984இல், ஜாக் ஹொப்ஸுக்கே பேஸ்மேக்கர் வைக்கவேண்டி வந்தது.

கிரவுண்ட்ஹொக் சொன்னது

பிகலோவுக்கு இன்னொரு தேடலும் இருந்தது. வயர்ட்டன் வில்லியை உங்களுக்குத் தெரியும்தானே? பெப்ரவரி 2 அன்று நிழலைப் பார்த்ததா இல்லையா என்று செய்தியில் வருகிற கிரவுண்ட்ஹொக். அந்த இனம் குளிர்காலம் முழுக்க வளைக்குள் உறங்கும். அப்போது அதன் துடிப்பு நிமிடத்துக்கு 80 அளவிலிருந்து 5 அளவுக்கு இறங்கிவிடும். வசந்தத்தில் ஒரு சேதமும் இல்லாமல் எழும்பி வரும். இதை மனிதருக்குச் செய்ய முடிந்தால்! பிகலோ ரொறன்ரோவுக்கு வடக்கே பண்ணை வைத்து நூற்றுக்கணக்கான கிரவுண்ட்ஹொக் வளர்த்தார். உறங்கவைக்கிற சுரப்பு ஒன்றை அவற்றின் உடம்பில் வருடக்கணக்காகத் தேடினார். ஒருதரம் கிடைத்துவிட்டது என்றே நினைத்தார்கள், பெயரும் வைத்தார்கள். கடைசியில் அது ஆய்வுகூடத்துப் பிளாஸ்ரிக் குழாயிலிருந்து கரைந்து வந்த இரசாயனம் என்று தெரியவந்தது. அதை அவர் மூடி மறைக்கவில்லை. பேஸ்மேக்கர் அவர் தேடாமல் கிடைத்தது. தேடினது கிடைக்கவில்லை. ஆராய்ச்சி என்றால் இதுவும்தான்.

துடிப்பு வங்கிக் கணக்கா?

இப்போது அம்மம்மாவின் கேள்விக்குத் திரும்புவோம். எண்ணித் தந்தது முடிந்துவிடுமா?

மிருகங்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். சுண்டெலிக்கு நிமிடத்துக்கு 600 துடிப்பு, இரண்டு வருட ஆயுள் என்று வைத்தால் வாழ்நாளில் 63 கோடி. யானைக்கு 30 துடிப்பு, 60 வருடம் என்று வைத்தால் 95 கோடி. உடலளவில் இவ்வளவு வித்தியாசம், மொத்தத் துடிப்பு மட்டும் 100 கோடிக்குப் பக்கத்தில். சின்ன உடம்பு வெப்பத்தை வேகமாக இழக்கும். அதனால் உள்ளே அடுப்பு வேகமாக எரியவேண்டும், இதயமும் வேகமாக அடிக்கவேண்டும். பெரிய உடம்புக்கு அந்த அவசரம் இல்லை.

ஆனால் நாங்கள்? எங்களுக்கு 300 கோடி. அந்தக் கணக்குப்படி 25, 30 வயதிலேயே எங்கள் பங்கு முடிந்திருக்கவேண்டும். சுத்தமான தண்ணீர், தடுப்பூசி, சாப்பாடு, வைத்தியம் எல்லாம் சேர்ந்து அந்த எல்லையைத் தாண்ட வைத்திருக்கின்றன. எண்ணித் தந்த கணக்கு என்று ஒன்று இருந்தால், மனிதர் அதை எப்போதோ கடந்துவிட்டார்கள்.

ஓடினால் துடிப்பு வீணாகும் என்று சிலர் பகிடிக்குச் சொல்வார்கள். அதையும் பெருக்கிப் பார்ப்போம். ஒரு மணித்தியாலம் 140இல் ஓடினால், 70ஐ விட 4,200 துடிப்பு கூடுதல். ஆனால் தொடர்ந்து ஓடுகிறவரின் ஓய்வுநேரத் துடிப்பு 60க்கு இறங்கினால், மீதி 23 மணித்தியாலத்தில் 13,800 துடிப்பு குறையும். நாளுக்கு 9,600 மிச்சம். ஆனால் அந்த மிச்சத்தால் ஆயுள் நீளுவதில்லை. பயிற்சியால் பலமான இதயம் ஒரு துடிப்பிலேயே கூட இரத்தம் தள்ளுகிறது, அதனால் அடிக்கடி அடிக்கத் தேவையில்லை. குறைந்த எண் நல்ல இதயத்தின் அடையாளம், அவ்வளவுதான்.

அதனால்தான் எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். என் தம்பி பாடசாலை ஓட்டக் குழுவில் இருக்கிறான். அவனுடைய ஓய்வுநேரத் துடிப்பு 48. வாட்ச்சைக் காட்டிப் பெருமைப்படுவான். படியேறினால் அது உடனே 110க்குப் போகும். அம்மம்மாவின் 38 படியேறினாலும் 38தான். அவன் இதயம் ஓய்வாக இருக்கிறது, அவருடைய இதயத்துக்குச் செய்தி போகவில்லை.

உங்கள் எண்ணை அறிய வாட்ச் தேவையில்லை. ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். கோப்பி குடித்த உடனும் ஓடி வந்த உடனும் பார்க்கவேண்டாம். பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து 30 செக்கன் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். வளர்ந்தவர்களுக்கு 60 தொடக்கம் 100 வரை வழக்கம். பயிற்சி உள்ளவர்களுக்கு இன்னும் குறையலாம். காய்ச்சல், பயம், நித்திரைக் குறைவு, தண்ணீர் காணாமை எல்லாம் அதைக் கூட்டும். சும்மா இருக்கும்போது 100க்கு மேலேயே நின்றால், அல்லது குறைந்த எண்ணோடு தலைச்சுற்று, மயக்கம், மூச்சுமுட்டல் இருந்தால் வைத்தியரிடம் சொல்லவேண்டும். வீட்டுப் பெரியவர்கள் களைப்பாக இருக்கிறது, வயசு போட்டுது என்று சொன்னால் ஒருதரம் அவர்களுடைய நாடியையும் எண்ணிப் பாருங்கள். நாங்கள் எண்ணவில்லை. அம்மம்மா இரண்டு மாதமாகக் களைப்பு என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

அம்மம்மாவுக்குச் சொன்னது

அடுத்த நாள் காலை அவருக்குப் பக்கத்தில் இருந்து சொன்னேன்.

"அம்மம்மா, மிசின் உங்கட இதயத்தை இழுக்கிறதில்லை. அது சும்மா கேட்டுக்கொண்டிருக்கும். உங்கட இதயம் தானாய் அடிச்சா அது பேசாமல் இருக்கும். அடிக்க மறந்தா மட்டும் ஒருக்காத் தட்டிவிடும்."

அவர் கொஞ்ச நேரம் முகட்டைப் பார்த்தபடி கிடந்தார்.

"அப்ப தேவாரம் படிக்கேக்க மறந்துபோனா, பக்கத்தில இருக்கிறவை அடி எடுத்துக் குடுக்கிற மாதிரியோ?"

அதை விட நல்ல விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை. "ஓம் அம்மம்மா. அதே மாதிரித்தான்."

"அப்ப சரி. படிக்கிறது நான்தானே."

கையெழுத்து வைத்தார். சத்திரசிகிச்சை ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்தது. அடுத்த நாள் வீட்டுக்கு வந்தார். தோளுக்குக் கீழே தோலின் உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு மேடு. இப்போது அவருடைய துடிப்பு 60க்குக் கீழே இறங்காது.

இந்தக் கட்டுரைக்காகக் கொலிஜ் வீதியில் ஒருதரம் நடந்தேன். ஸ்ரீற்கார் போய்க்கொண்டிருந்தது, மாணவர்கள் கோப்பியோடு அவசரமாக நடந்தார்கள். நின்றுபோன ஓர் இதயத்தை ஒருவர் குத்திப் பார்த்த இடம் இது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? மானிப்பாய்ப் பரியாரியாரின் மகள் இன்று ஸ்காபரோவில் தேத்தண்ணி வைப்பதற்கு அந்தக் குத்தும் ஒரு காரணம்.

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னேன். அம்மம்மா என் கையை இழுத்து, மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். தகப்பனிடம் பார்த்துப் பழகினதாம்.

"எத்தினை அம்மம்மா?"

"எண்ணேல்லை. நல்லா ஓடுது. வா, சாப்பிடு."